உங்கம்மா கட்டின புதன்கிழமை

கண்ணா,

உனக்கு இன்னும் எழுத்து தெரியாது. அதனால இந்தக் கடிதம் இப்ப ஹால்ல கார் பொம்மைய உருட்டிக்கிட்டிருக்குற உனக்கு இல்ல. ஒருநாள் நீ வளந்து, பெட்டியெல்லாம் கட்டி காடி பின்னால ஏத்திட்டு, யுனிவர்சிட்டிக்கோ வேலைக்கோ கெளம்பி, வாசல்ல நின்னு “சரிப்பா, போயிட்டு வரேன்”னு சொல்லுவல்ல, அந்த ஆளுக்கு எழுதறேன். அப்ப எழுதிக்கலாமேன்னு கேப்ப. அப்ப எழுதுனா நல்லா எழுதிடுவேன்டா, அதான் பயம். அத்தன வருசமும் வர்றவங்க போறவங்ககிட்டலாம் சொல்லிச் சொல்லி கதை வழுவழுன்னு ஆயிருக்கும். உங்கம்மா எல்லாத்தையும் சிரிச்ச மொகத்தோட செஞ்ச மாதிரியும், நான் எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்ட மாதிரியும் ஒரு கதை ரெடியா இருக்கும். இப்ப எனக்கு ஒண்ணும் புரியல. புரியாம இருக்கறப்பவே எழுதிடணும்னு உக்காந்திருக்கேன்.

உங்கம்மா போயி இன்னும் ஒரு வருசம் ஆகல. தலவலின்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போனோம், மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குன்னாங்க, அவ திரும்பி வரல. இதுக்கு மேல அதப் பத்தி எனக்கு எழுதத் தெரியல. எல்லாரும் என்கிட்ட “அழுதுடுப்பா, அழுதா சரியாயிடும்”னு சொல்றாங்க. என் வேல உனக்குத் தெரியும், பிளான்ட்ல மீட்டர் பாக்குற வேல. பிரஷர், சூடு, எண்ணெய் ஓடுற வேகம், எல்லாத்தையும் அளக்குற கருவிங்கள சரி பாக்குற டெக்னிசியன். சில நேரத்துல குழாய்க்குள்ள பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கும், ஆனா கருவிக்குப் போற சின்ன லைன் அடைச்சிருக்கும். முள்ளு ஒரே எடத்துல நிக்கும். வெளிய பாத்தா எல்லாம் நார்மல். என்னப் பத்திக் கேக்குறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லணும், ஆனா யாருக்குப் புரியும், அதனால “ஓகே லா”ன்னு சொல்லிடறேன்.

நான் உனக்குச் சொல்ல வந்தது அவ எப்படி செத்தாங்குறது இல்ல. அவ ஒண்ணு கட்டிட்டுப் போனா. வீடு இல்ல, தங்கா பத்துல இருக்குற நம்ம வீட்டுக்கு நாந்தான் மாசாமாசம் கடன் கட்டிக்கிட்டிருக்கேன். அவ கட்டினது ஒரு கூட்டம். அவ போனதும் அதுவும் போயிடும்னு எல்லாரும் நெனச்சோம். போக வேண்டிய நெலமைக்கே வந்துச்சு.

மொதல்லேர்ந்து சொல்றேன். அவ மலாக்காவுல மஸ்ஜித் தானா ஊரு பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. இப்ப அந்த எடத்துல செம்பனையும், பாதிக்கு வரிசையா வீடு கட்டுன தாமானும்தான் இருக்கு. நல்லா படிச்சா, டாக்டர் பட்டம் வாங்குனா, யுனிவர்சிட்டியில கலைப்புலத்துல விரிவுரையாளரா சேந்தா. சேந்த புதுசுல ஒருநாள் சோத்தப் போட்டுக்கிட்டே சொன்னா, “எனக்கு அடுத்த ரூம்ல இருக்குறவங்க என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு எனக்குத் தெரியல. அவங்களுக்கும் நான் யாருன்னு தெரியல. டாய்லெட்ல பாத்தா சிரிச்சுக்கறோம்.”

நான், “எல்லா எடத்துலயும் அப்படித்தான் லா,” ன்னேன்.

“உங்க பிளான்ட்ல ஒருத்தன் வால்வ தொறந்தா அடுத்தவனுக்குத் தெரியணுமா இல்லையா?”

“தெரியணும். இல்லாட்டி வெடிச்சிடும்.”

“இங்க ஒண்ணும் வெடிக்காது. அதான் பிரச்சனை,” ன்னா.

அந்தக் காரிடார நான் பாத்திருக்கேன். நீளமா இருக்கும், ரெண்டு பக்கமும் கதவு, ஒவ்வொரு கதவுலயும் ஒரு பேரு, பேருக்கு முன்னால பட்டம். உள்ளேர்ந்து ஏர்கோன் சத்தம் மட்டும் வரும். ஆராய்ச்சின்னா அங்க எல்லாரும் தனித்தனியா செய்யற ஒண்ணு. கதவ மூடிக்கிட்டு எழுதி, முடிச்சு, பத்திரிகைக்கு அனுப்பி, வந்ததும் வருச மதிப்பீட்டுல எழுதிக்கறது. முடிக்கற வரைக்கும் யாருகிட்டயும் காட்டக் கூடாது, காட்டுனா திருடிடுவாங்க, இல்ல சிரிப்பாங்க. உங்கம்மா என்ன செஞ்சா தெரியுமா? தான் எழுதுனதுலயே ரொம்ப மோசமான ரெண்டு பக்கத்த எடுத்துக்கிட்டுப் போயி அடுத்த ரூம் கதவத் தட்டுனா. அது ஷம்சியாவோட ரூம். மலாய்த் தாலாட்டுங்கள சேக்குறவங்க, உங்கம்மாவ விட வயசுல மூத்தவங்க, நாங்க அக்காங்குற அர்த்தத்துல காக் ஷாம்னு கூப்பிடுவோம். நீ இப்ப அவங்க மடியில ஏறி உக்காந்து மூக்குக்கண்ணாடியப் புடுங்கற.

“காக், நான் ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன். மோசமா இருக்கு. படிச்சுப் பாக்குறீங்களா?”

“எவ்வளவு மோசம்?”

“ரொம்ப.”

“அப்படின்னா உக்காரு,” ன்னாங்களாம் காக் ஷாம். அந்தக் கட்டடத்துல அத்தன வருசம் வேல செஞ்சதுல, ஒருத்தர் தானா வந்து மோசமான பக்கத்தக் காட்டினது அதான் மொத தடவைன்னு அவங்க பிறகு என்கிட்ட சொன்னாங்க. அடுத்த புதன்கிழமை காக் ஷாம் தன்னோட மோசமான பக்கத்தக் கொண்டு வந்தாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சுது.

அதுக்கு அவங்க வச்ச பேரு ‘பெலும் மாசாக்’. மலாய்ல இன்னும் வேகலங்குற அர்த்தம். காக் ஷாம் வெளையாட்டா சொன்ன பேரு, அதுவே நின்னுடுச்சு. புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல, காரிடார் கடைசியில இருந்த ஒரு பழைய டுடோரியல் ரூம்ல உக்காருவாங்க. உங்கம்மா வச்ச வழக்கம் கொஞ்சந்தான், ஆனா அதுல அவ ரொம்பப் புடிவாதம். முடிஞ்சத யாரும் கொண்டு வரக் கூடாது. சிலைடு கூடாது. எழுதுனவங்க வாயத் தொறந்து அத வாசிக்கணும். வாசிச்சதும் யாரும் பாராட்டக் கூடாது, மொதல்ல கேள்விதான். கேக்குறவங்களுக்கே பதில் தெரிஞ்ச கேள்வியக் கேக்கக் கூடாது. புதுசா வந்தவங்கதான் மொதல்ல பேசணும், புரொபசர் கடைசியில. எந்த மொழியில வேணும்னாலும் பேசலாம், பக்கத்துல இருக்குறவங்க எடுத்துச் சொல்லுவாங்க. இதெல்லாம் கேக்க சின்ன விசயமா இருக்கும். ஆனா ஒரு தடவை பெரிய புரொபசர் ஒருத்தரு வந்து, ஏற்கெனவே புத்தகமா வந்த ஒண்ண ரொம்ப நேரம் பேசிட்டு, எல்லாரும் கை தட்டுவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாராம். உங்கம்மா எந்திரிச்சு, “புரொப், இது நல்லா வெந்துடுச்சு. அடுத்த தடவை வேகாதது ஏதாச்சும் கொண்டு வாங்க, ப்ளீஸ்,” ன்னாளாம். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லி, வேல போயிடும்னு பயந்துக்கிட்டு கட்டில்ல படுத்துக்கிட்டா. அந்த மனுசன் அடுத்த மாசம் வந்தாரு. கையால எழுதுன ஒரு தாளு, அதுலயும் பாதி அடிச்சுப் போட்டது.

அவ தேவதையெல்லாம் இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோ. கோவம் வந்தா கதவ அறைவா. எனக்குக் கொடுத்த வார்த்தைய மறந்துட்டு ஒரு மாணவிக்குக் கொடுத்த வார்த்தைய ஞாபகம் வச்சிருப்பா. நம்ம வீட்டு அடுப்புல எத்தனையோ சட்டி கருகிப் போச்சு, போன்ல யாரோடயோ ஆராய்ச்சிக் கேள்விய பேசிக்கிட்டு நின்னதால. ஆனா ஒருத்தரு இன்னும் தயாராகலன்னா அத ஒரு குத்தமா பாக்காத ஆளு, நான் பாத்ததுல அவ ஒருத்திதான்.

பிரேமா அக்கா கதைய சொன்னாத்தான் உனக்கு இது புரியும். அவங்க தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா, வேல பாத்துக்கிட்டே பகுதி நேரமா டாக்டர் பட்டத்துக்குச் சேந்தவங்க. தோட்டத்துல ஒவ்வொரு நெலத் துண்டுக்கும் ஜனங்க வச்ச பேரு என்ன, அந்த எடமெல்லாம் தாமானா மாறினப்ப அந்தப் பேருங்க என்ன ஆச்சு, இதான் அவங்க ஆராய்ச்சி. உங்கம்மாதான் அவங்களுக்கு வழிகாட்டி, ஆனா வயசுல அக்காதான் பெரியவங்க. மொத தடவை புதன்கிழமைக்கு வந்தப்ப மூலையில உக்காந்துக்கிட்டு வாயே தொறக்கலயாம். இங்கிலீசுல பேசணுமோ, தப்பா போயிடுமோன்னு. உங்கம்மா, “தமிழ்லயே வாசிங்கக்கா. நான் காக்குக்குச் சொல்றேன்,” ன்னா. அக்கா வாசிச்சாங்க. உங்கம்மா வரிக்கு வரி மலாய்ல சொன்னா. காக் ஷாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: “இந்தப் பேருங்கள பொம்பளைங்களும் ஆம்பளைங்களும் ஒரே மாதிரி சொன்னாங்களா?” பிரேமா அக்காவுக்கு அது அதுவரைக்கும் தோணவே இல்ல. போயி விசாரிச்சாங்க. ஒரே துண்டுக்கு ரெண்டு பேரு இருந்துச்சு. ஆம்பளைங்க அங்க வேல பாத்த கங்காணி பேரால சொன்னாங்க, பொம்பளைங்க அங்க புள்ள பெத்தவ பேரால சொன்னாங்க. அக்காவோட ஆராய்ச்சியே அங்கேர்ந்துதான் திரும்புச்சு. ஒரு மலாய் அம்மா கேட்ட கேள்வி, தமிழ்ல எழுதுன பக்கத்துக்கு. இதத்தான் உங்கம்மா கட்டினா, கண்ணா.

நான் அந்த ரூமுக்குள்ள போனது ரொம்பக் கம்மி. புதன்கிழமை வேல முடிஞ்சு அவள ஏத்திக்க போவேன், காடியிலயே உக்காந்திருப்பேன். ஒருநாள் ஏர்கோன் தண்ணி ஒழுகுதுன்னு என்னக் கூப்பிட்டாங்க. “நான் மீட்டர்காரன், ஏர்கோன்காரன் இல்ல,” ன்னு சொல்லிக்கிட்டேதான் ஸ்டூல் மேல ஏறுனேன். அங்க லிம்னு ஒரு சின்ன வயசு விரிவுரையாளர், உம்பாய் ஊரு மீன் கடைங்கள்ல கடைக்காரங்க எப்படி ஆளக் கூவிக் கூப்பிடுறாங்கன்னு ஆராய்ச்சி பண்றவன். அவன் கீழேர்ந்து கேட்டான், “அண்ணே, ஒரு மீட்டர் பொய் சொன்னா எப்படிக் கண்டுபுடிப்பீங்க?” அவனுக்கு என்ன அண்ணேன்னு கூப்பிட உங்கம்மாதான் சொல்லிக் குடுத்திருந்தா. நான் யோசிக்காம சொன்னேன், “அத மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா கண்டுபுடிக்க முடியாது. இன்னொரு நல்ல மீட்டர பக்கத்துல வச்சு ஒரே பிரஷர ரெண்டுக்கும் குடுக்கணும்.” எல்லாரும் என்னயே நிமிந்து பாத்தாங்க. நான் ஏதோ தப்பா சொல்லிட்டேன்னு நெனச்சேன். திரும்பி வர்றப்ப காடியில உங்கம்மா, “நாலு வருசமா அந்தக் கூட்டம் எதுக்குன்னு டீனுக்கு விளக்க முடியாம கெடக்கறேன். நீங்க ஸ்டூல் மேல நின்னு சொல்லிட்டீங்க,” ன்னா. நான் சொன்னதுல என்ன இருக்குன்னு எனக்கு அன்னிக்குத் தெரியல.

டீனுக்கு விளக்க வேண்டியிருந்துச்சு, ஏன்னா அந்தக் கூட்டத்த நெறய பேருக்குப் புடிக்கல. டீக்கடைக் கூட்டம்னு சொன்னாங்க. “ரிசல்ட் எங்க?”ன்னு கேட்டாங்க. தலைவர் யாரு, செயலாளர் யாருன்னு கேட்டா, உங்கம்மா “யாருமில்ல”ன்னு சொல்லுவா. அது அவங்களுக்கு இன்னும் எரிச்சல். ஆனா வருசம் போகப் போக அந்த ரூம்லேர்ந்து வெளிய போன எழுத்துங்க நல்ல எடத்துல வர ஆரம்பிச்சுது. அடிக்குறிப்புல ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்லியிருப்பாங்க. காரிடார்ல கதவுங்க தொறந்திருந்துச்சு. இதெல்லாம் எனக்கு அவ சொல்லித்தான் தெரியும், அவ சொல்றப்ப நான் பாதி டிவியப் பாத்துக்கிட்டிருந்தேன்.

பிறகு அவ போயிட்டா. வீட்டுக்கு எல்லாரும் வந்தாங்க. காக் ஷாம் வாசல்லயே நின்னாங்க, பிரேமா அக்கா அடுப்படிய பாத்துக்கிட்டாங்க, லிம் ரோட்டுல நின்னு காடிங்களுக்கு எடம் காட்டுனான். காரியம் முடிஞ்சு சில வாரம் கழிச்சு ஃபேக்கல்டி பெரிய ஹால்ல நினைவுக் கூட்டம் வச்சாங்க. அவ போட்டோவ பெருசாக்கி மால போட்டு, முன் வரிசையில டீன், புரொபசருங்க, நானு, உன்ன மடியில வச்சுக்கிட்டு. ஒவ்வொருத்தரா மேடைக்கு வந்து கட்டுரை வாசிச்சாங்க. நல்லா எழுதி, திருத்தி, சிலைடு போட்டு, முடிவுரையோட. எல்லாம் அருமை. யாரும் ஒரு கேள்வி கேக்கல. கை தட்டுனாங்க. அந்தக் கூட்டத்துலேர்ந்து வந்தவங்கதான் அத்தன பேரும், அவங்க எல்லாரும் சேந்து அவளுக்குப் புடிக்காத ஒரே ஒண்ண அவளுக்காக செஞ்சாங்க. மரியாதைன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. வெளிய வந்து பிரேமா அக்கா புடவை முந்தானைய வாயில வச்சுக்கிட்டு தூண் பக்கத்துல நின்னாங்க. லிம் என்கிட்ட, “நல்லா இருந்துச்சா அண்ணே?”ன்னு கேட்டான். நான், “நல்லா இருந்துச்சு,” ன்னேன். அவன் மொகம் செத்துப் போச்சு. அதுக்கப்புறம் புதன்கிழமை யாரும் அந்த ரூமுக்குப் போகல. மொத வாரம் லீவு மாதிரி, அடுத்த வாரம் ஆளுக்கொரு வேல, அதுக்கடுத்து யாரும் கூப்பிடவும் இல்ல.

ஒருநாள் சாயங்காலம் காக் ஷாம் நம்ம வீட்டுக்கு வந்தாங்க. பை நெறய கரிப்பாப் பலகாரம். உனக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க. என்ன அடிக்னு கூப்பிடுவாங்க, நம்ம தம்பிங்குற மாதிரி. மலாய்லதான் பேசுனோம்.

“அடிக், ஆபிஸ்ல சொல்லிட்டாங்க. அந்த ரூம யாரும் பாவிக்கறதில்லையாம். இந்த செமஸ்டரோட எடுத்து ஸ்டோர் ஆக்கப் போறாங்க. வேணும்னா ஒரு வழி இருக்காம். உன் பொண்டாட்டி பேருல ஒரு மையம்னு எழுதிக் குடுத்தா, போர்டு மாட்டி, ஒரு தலைவரப் போட்டு வச்சுக்கலாமாம். அதுக்கு உன் சம்மதம் வேணுமாம்.”

“குடுத்துடலாம் காக். பேராவது இருக்கும்ல.”

காக் ஷாம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. “போர்டு இருக்கும். கூட்டம் இருக்காது. நீ சொல்லு, எது வேணும்?”

எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல. நான் டெக்னிசியன், இது என் வேல இல்ல. “எனக்கென்ன காக் தெரியும்?” ன்னேன்.

“அன்னிக்கு, அவ ஆஸ்பத்திரிக்குப் போன வாரம், அவளோட முறை. அவ வாசிக்க வேண்டியது. அது அவ கம்ப்யூட்டர்ல இருக்கும். கொண்டா. நீயே வந்து வாசி.”

“நானா? முடிஞ்சிருக்காது காக் அது.”

“முடிஞ்சிருந்தா நான் கேக்கவே மாட்டேன்,” ன்னாங்க.

தேடுனேன், இருந்துச்சு. ரெண்டு பக்கம். அது பேக்டரி பஸ்ஸப் பத்தி. அவளோட சித்தி வயசுப் பொண்ணுங்க தோட்டத்துலேர்ந்து விடியறதுக்கு முன்னால மெயின் ரோட்டுக்கு வந்து நிப்பாங்களாம், மலாக்கா டவுன் பக்கம் எலக்ட்ரானிக் பேக்டரிக்கு ஏத்திக்கிட்டுப் போக பஸ் வரும். உங்கம்மா எழுதியிருந்தா: அந்தப் பொண்ணுங்க வாழ்க்கையிலயே அப்பா, அண்ணன், கங்காணி யாரு காதுலயும் விழாம பேச முடிஞ்ச மொத எடம் அந்தப் பஸ்ஸுதான். சம்பளத்தப் பத்தி, கல்யாணத்தப் பத்தி, சூப்பர்வைசரப் பத்தி அங்கதான் பேசுனாங்க. கம்பம்னு சொல்ற கிராமத்துலேர்ந்து ஏறுன மலாய்ப் பொண்ணுங்களோட அங்கதான் கூட்டாளியானாங்க. தோட்டத்த விட்டு வெளிய வர்ற துணிச்சல் பேக்டரியில வரல, பஸ்ஸுல வந்துச்சு. அதோட நின்னு போச்சு. முடிவுரை இல்ல.

புதன்கிழமை லீவு போட்டுட்டு, உன்ன பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டிகிட்ட விட்டுட்டுப் போனேன். ரூம்ல ஒரு நாற்காலிய காலியா விட்டுட்டு சுத்தி உக்காந்திருந்தாங்க. யாரும் அதப் பாக்காம இருந்தாங்க. பிரேமா அக்காதான் அத இழுத்து, “தம்பி, உக்காருங்க, எடம் வேற இல்ல,” ன்னாங்க. உக்காந்தேன். வாசிச்சேன். எனக்கு மேடையில பேசியெல்லாம் பழக்கமில்ல, பிளான்ட்ல ரிப்போர்ட் வாசிக்கற மாதிரி ஒரே சத்தத்துல வாசிச்சு முடிச்சேன். தமிழ்ப் பக்கம், அதனால பிரேமா அக்கா பக்கத்துலேர்ந்து காக் ஷாமுக்கும் லிம்முக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க. முடிஞ்சதும் ஒரு பொண்ணு மூக்க உறிஞ்சுனா. எனக்கு அந்த ஹால் ஞாபகம் வந்துச்சு. இப்ப யாராவது ‘அருமை’ன்னு சொல்லுவாங்க, எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடலாம், ரூமுக்குப் பூட்டுன்னு நெனச்சேன்.

பிரேமா அக்கா தொண்டையக் கனைச்சாங்க. “இது சரியில்ல,” ன்னாங்க.

எல்லாரும் திரும்பிப் பாத்தோம்.

“எங்க அக்கா அந்தப் பஸ்ஸுல போனவங்க. பஸ்ஸுல யாரும் பேசலன்னு சொல்லுவாங்க. ஏறுனதும் தூங்கிடுவாங்களாம், தல ஒருத்தி தோள்ல ஒருத்தி. மேடம் எங்கேர்ந்து இந்தப் பேச்செல்லாம் எடுத்தாங்க?”

காக் ஷாம் சொன்னாங்க, “எனக்கும் சந்தேகம். எங்க பெரியம்மா பொண்ணு அதே ரூட்டுல ஏறுவா. தமிழ்ப் பொண்ணுங்க பின்னால, மலாய்ப் பொண்ணுங்க முன்னாலன்னு சொல்லுவா. கூட்டாளியானது எப்ப? எழுதுனவ அத சும்மா தாண்டிப் போறா.”

லிம், “யாருகிட்ட, எத்தன பேருகிட்ட கேட்டாங்கன்னும் இல்ல,” ன்னான்.

எனக்கு ஜிவ்வுன்னு ஏறுச்சு. செத்துப் போனவ எழுதுனத வச்சுக்கிட்டு ஆளாளுக்குக் குத்தம் சொல்றாங்க. “அவ இல்ல,” ன்னேன். என் சத்தம் எனக்கே புதுசா இருந்துச்சு. “அவ வந்து பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பாத்துப் பேசுங்க.”

லிம் தலைய குனிஞ்சுக்கிட்டான். பிரேமா அக்கா மட்டும் என்ன நேரா பாத்தாங்க. கண்ணெல்லாம் தண்ணி, ஆனா குரல் ஆடல. “தம்பி, அன்னிக்கு ஹால்ல பாத்துத்தான் பேசுனோம். நான் ரெண்டு வாரம் உக்காந்து எழுதுனேன், ஒரு தப்பு இல்லாம. வாசிச்சுட்டு கீழ எறங்குறப்பதான் எனக்கு மேடம் போயிட்டாங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கு முன்னால தெரியல. எனக்கு அது மாதிரி இன்னொரு நாள் வேணாம். நீங்க திட்டுங்க, பரவால்ல. நான் இப்படித்தான் கேப்பேன். மேடம் என்கிட்ட இப்படித்தான் கேட்டாங்க.”

தாள மறுபடி பாத்தேன். அப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இந்தப் பஸ்ஸப் பத்திக் கேக்க, அவ சித்தி வீட்டுக்கு அவள நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அவங்க பேசறப்ப நான் வெளிய மோட்டார் சைக்கிளக் கழுவிக்கிட்டு இருந்தேன், பாதிதான் காதுல விழுந்துச்சு. “சித்தி சொன்னது காலையில,” ன்னேன். “காலையில போறப்ப பேசுவாங்களாம். சாயங்காலம் வர்றப்பதான் தூங்குவாங்களாம். உங்க அக்கா எந்த ஷிப்டு?”

பிரேமா அக்கா நிமிந்து உக்காந்தாங்க. “நைட்டு ஷிப்டு. காலையில திரும்பி வர்ற பஸ்ஸு.”

“அப்ப ரெண்டும் சரிதானே?” ன்னான் லிம்.

“எப்படி ரெண்டும் சரி? வேலைக்குப் போறப்ப தைரியமா பேசி, திரும்பறப்ப ஊமையாயிட்டா, அப்புறம் என்ன துணிச்சல்? வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போனாங்க?” இது காக் ஷாம்.

“அவங்களுக்கு அசதி காக்! நீங்க பன்னெண்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சுப் பாருங்க!” ன்னாங்க பிரேமா அக்கா.

“அசதி மட்டும் இல்லன்னு சொல்றேன். வீடு நெருங்க நெருங்க வாய மூடிக்கறது ஒரு பழக்கம். என் தாலாட்டுலயும் இருக்கு அது, மாமியா காதுல விழற எடத்துல பாட்டு நின்னு போகும்.”

“அய்யோ, இங்கயும் தாலாட்டா!”ன்னு யாரோ சொல்ல, அந்த ரூம்ல சிரிப்பு வந்துச்சு. மூக்க உறிஞ்சுன அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, “கல்யாணம் ஆன பொண்ணுங்களும் தூங்குனாங்களா, ஆகாதவங்க மட்டுந்தானா?”ன்னு கேட்டா. யாருக்கும் தெரியல. லிம் என் பக்கம் திரும்பி, “அண்ணே, சித்திகிட்ட கேட்டுட்டு வாங்க,” ன்னான், என்னமோ நானும் அங்க வருசக்கணக்கா உக்காந்திருக்குற ஆளு மாதிரி. நான் சரின்னேன். ஆபிஸ்லேர்ந்து ஒரு காக் கதவத் தொறந்து எட்டிப் பாத்துட்டு, “ஓ, ஆளு இருக்கா,” ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் யாரு வாசிக்கறதுன்னு கேட்டப்ப மூணு பேரு கை தூக்குனாங்க. போர்டு மாட்டறதுக்கு நான் சம்மதம் குடுக்கல. அன்னிக்கே ஆபிஸ்ல சொல்லிட்டேன்.

கண்ணா, நான் உனக்குப் பெருசா புத்தி சொல்ற ஆளு இல்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நீ போற எடத்துல எல்லாரும் தன்னோட நல்ல பக்கத்தத்தான் காட்டுவாங்க. நீயும் காட்டு, வேல கெடைக்கணும்ல. ஆனா உன்னோட மோசமான பக்கத்த எடுத்துக்கிட்டுப் போயி தட்டறதுக்கு ஒரு கதவத் தேடிக்கோ. இல்லாட்டி நீயே கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காரு. கேள்வி கேக்குறவங்க மேல கோவப்படு, தப்பில்ல, நானும் பட்டேன். எந்திரிச்சு மட்டும் போயிடாத. உங்கம்மா புத்திசாலிங்கறதுக்காக நான் அவள மெச்சிக்கல, புத்திசாலிங்க அந்தக் காரிடார் பூரா இருக்காங்க. தான் இல்லாத அன்னிக்கும் தன்ன மறுத்துப் பேசற ஆளுங்கள அவ உண்டாக்கிட்டுப் போனா. அது எத்தன கஷ்டமான வேலன்னு எனக்கு இப்பத்தான் லேசா தெரியுது.

அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சும் முடியல. பேசிக்கிட்டே படி எறங்கி, பேசிக்கிட்டே கார் நிறுத்தற எடத்துக்கு வந்தாங்க. மேரி ஆன்ட்டி போன் பண்ணுனாங்க, நீ பசியில அழுவறன்னு. நான் “வரேன்”னு பொதுவா சொல்லிட்டு காடிய எடுத்தேன். கண்ணாடியில பாத்தா, காக் ஷாம் கையில சாவிய வச்சு ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றாங்க, பிரேமா அக்கா இல்லவே இல்லைன்னு தலைய ஆட்டுறாங்க, லிம் நடுவுல நின்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறான், அந்தப் பொண்ணு பேக்க தரையில வச்சுட்டு புதுசா ஒண்ண ஆரம்பிக்கறா. உங்கம்மா போனதுலேர்ந்து எங்க போனாலும் என்ன ஒரு மாதிரி பாவமா பாத்துக்கிட்டே இருந்தாங்கடா எல்லாரும். இவங்க யாரும் நான் கெளம்பினதக் கூட கவனிக்கல. கேட் தாண்டி ரோட்டுல திரும்பற வரைக்கும் நான் அந்தக் கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.

உங்கப்பா